சீன வழக்குக்கதைகளில் யார் யார்: புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மிங், சிங் ஆகிய இரு அரசமரபுகளின் காலத்தில், அதாவது 1368 முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, சீனாவில் எழுதப்பட்ட வழக்குக்கதைகளைக் கையில் எடுப்பவர்களில் பலர் சில பக்கங்களிலேயே தடுமாறி நின்றுவிடுகிறார்கள். கொலையாளி யார் என்பது இந்தக் கதைகளில் பெரும்பாலும் புதிராகவே இருப்பதில்லை. பல கதைகள் அதைக் கண்ணெதிரே நடத்திக்காட்டிவிட்டுத்தான் நீதிமன்றத்துக்கே போகின்றன. சற்று முன் ‘இரண்டாம் அக்காள்’ என்று வந்த பெண்ணும் தீர்ப்பில் ‘சென் ஷி’ என்று வருகிற பெண்ணும் ஒருத்தியா, இருவரா என்பதில்தான் வாசகருக்குத் திண்டாட்டம் வருகிறது. நானும் அந்தத் திண்டாட்டத்தைப் போதுமான அளவு பட்டவன் என்பதால், அடுத்து வருபவர்களாவது அதைத் தவிர்க்கட்டும் என்று இந்தக் குறிப்புகளை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படமும் கைரேகைப் பதிவேடும் இல்லாத அந்த உலகில், ஒருவர் இன்னார் என்பதை நிறுவுபவர்கள் அவரை இன்னார் என்று சொல்லத்தக்க மற்றவர்களே: அண்டை வீட்டார், விடுதிக்காரர், உறவுமுறையார், ஊர்த் தலையாரி. அந்தச் சாட்சியை ஏமாற்றிவிட்டால் எவரும் எவராகவும் ஆகிவிடலாம். கதைகளின் சூழ்ச்சிகளில் பெரும்பகுதி இந்த ஓட்டைக்குள் புகுந்துதான் நடக்கிறது. ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘இவரை இன்னார் என்று சொல்வது யார்’ என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

1. எந்த நூலில் தொடங்குவது, எவ்வளவு செலவாகும்

மிங் காலத்து எழுத்தாளரான ஃபெங் மெங்லோங் 1620-களில் தொகுத்து வெளியிட்ட மூன்று கதைத் தொகுதிகளில் தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் 40 கதைகள் வீதம் மொத்தம் 120 கதைகள் உள்ளன. அவற்றில் ஒரு பகுதிதான் வழக்குக்கதைகள். மூன்று தொகுதிகளுக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பை வாஷிங்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டிருக்கிறது. பல்கலைக்கழகப் பதிப்பு என்பதால் புதிதாக வாங்கினால் விலை கையைக் கடிக்கும். முதல் சுற்றுக்கு மூன்று நான்கு கதைகளே போதும். நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு, பிடித்த பிறகு வாங்குவது நல்லது. சீன மூலங்களுக்கு எப்போதோ உரிமைக்காலம் முடிந்துவிட்டதால், அவை சீன விக்கிமூலத்தில் செலவில்லாமல் கிடைக்கின்றன. சீனம் தெரியாதவர்களும் பெயர்களைச் சரிபார்க்க அதைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, ‘நீதிபதி தீ’யின் வழக்குகள். தாங் காலத்து அமைச்சரான தி ரென்ஜியே (630–700) என்பவரை நாயகராக்கி, சிங் ஆட்சியின் பிற்பகுதியில் யாரோ ஒருவர் 64 அத்தியாயங்களில் எழுதிய நாவலின் முதல் 30 அத்தியாயங்களை டச்சுத் தூதரக அதிகாரியான ராபர்ட் வான் குலிக் மொழிபெயர்த்து 1949இல் டோக்கியோவில் வெளியிட்டார். அதன் மலிவுப் பதிப்பு எளிதாகக் கிடைக்கிறது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதே நீதிபதியை வைத்து வான் குலிக் தாமே பல நாவல்களைப் பிற்காலத்தில் எழுதினார். இணையக் கடைகள் இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கிவைத்திருக்கும். அவை சுவையானவைதாம், ஆனால் 20ஆம் நூற்றாண்டுத் துப்பறியும் நாவல்கள்; கடைசிப் பக்கம்வரை கொலையாளியை மறைத்துவைக்கும் வகையைச் சேர்ந்தவை. மொழிபெயர்ப்புதானா என்று முன்னுரையைப் பார்த்து உறுதிசெய்த பிறகு பணம் கட்டுங்கள்.

பாவோ நீதிபதியின் 100 குறுங்கதைகளைக் கொண்ட ‘லோங்து வழக்குகள்’ தொகுப்பை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். 1879இல் அச்சான ‘மூன்று வீரர்களும் ஐந்து மாவீரர்களும்’ என்ற 120 அத்தியாய நாவலை எக்காரணம் கொண்டும் முதலில் எடுக்காதீர்கள். அதில் வருகிறவர்களின் கூட்டத்தைச் சமாளிக்கப் பழக்கம் வேண்டும்.

இலவச மூலத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் படிக்கலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இயந்திரம் பெயரைப் பெயர் என்று அறியாமல் சில இடங்களில் பொருள்பெயர்த்துவிடும்; பாய் யூதாங் என்ற வீரன் திடீரென்று வெண்மணிக்கல் மண்டபம் ஆகிவிடுவான். நிகழ்ச்சியைப் பிடிக்க அது உதவலாம், ஆளைப் பிடிக்க உதவாது.

2. ஆள்விவரத் தாளைத் தயாரியுங்கள்

ஒரு கதைக்கு ஒரு தாள் போதும். குடும்பப்பெயர், சொந்தப் பெயர், பிறந்த வரிசை, கணவர் அல்லது தந்தை, சொந்த ஊர், தொழில் அல்லது பதவி என்று கட்டங்கள் போட்டு, கடைசிக் கட்டத்தை ‘சாட்சி’ என்று விட்டுவையுங்கள். ஊரும் தொழிலும் அலங்காரத்துக்காகக் கேட்கப்படுபவை அல்ல. மிங் அரசு குடும்பங்களை 110 வீடுகள் கொண்ட அலகுகளாகப் பிரித்து, குடிகள், படைவீரர், கைவினைஞர் என்று வகைப்படுத்திப் பதிவேட்டில் ஏற்றியிருந்தது. வழக்குமன்றத்தில் ஒருவர் வாயைத் திறந்ததும் தம் ஊரையும் வயதையும் குடியையும் சொல்வது அதனால்தான்.

பெயர்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதி வைத்தால் பிறகு அவதிப்படுவீர்கள். சீனத்தில் வேறுவேறாக ஒலிக்கும் நான்கைந்து ஒலிகள் நம் ச, ஜ, ஷ ஆகியவற்றுக்குள் வந்து ஒன்றாகிவிடும். ஆகவே உரோமன் எழுத்து வடிவத்தையும், முடிந்தால் சீன எழுத்தையும், பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்புகள் ஒருவிதமான எழுத்துக்கூட்டலையும் புதியவை வேறொன்றையும் பின்பற்றுவதால், ஒரே நீதிபதி இரண்டு நூல்களில் வேறு முதலெழுத்தோடு (Pao, Bao) வருவார். இந்த ஒரு விஷயத்தில் தமிழ் வாசகருக்குச் சலுகை உண்டு, நமக்கு இரண்டுமே பாவோதான்.

குடும்பப்பெயர் முதலில் வரும் என்பதை எல்லோரும் அறிவார்கள். குடும்பப்பெயர் ஒன்றாக இருப்பதாலேயே உறவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். அடுத்து நான் விளக்கப்போகும் கதையில் மனைவி வாங், அவளுடைய தந்தை வாங், வீட்டு வேலைக்காரக் கிழவரும் வாங். முதல் இருவரும் தந்தையும் மகளும். கிழவருக்கும் அவர்களுக்கும் உறவு இருப்பதாகக் கதை சொல்லவில்லை.

3. ஒரே ஆளுக்கு எத்தனை பெயர்: பதினைந்து சரம் காசு

பயிற்சிக்கு ஃபெங் மெங்லோங்கின் மூன்றாம் தொகுதியில் (1627) 33ஆவதாக வரும் கதையைப் பரிந்துரைக்கிறேன். காசுக்குப் பெயர் கிடையாது என்பதால் ஆள்மாறி இருவர் சாகும் கதை அது.

தெற்குச் சோங் அரசின் தலைநகரான லின்ஆனில், இன்றைய ஹாங்ஜோவில், நொடித்துப்போன லியு குய் என்பவருக்கு மனைவியும் துணைமனைவியும் இருக்கிறார்கள். மனைவி வாங் குடும்பத்து மகள். கதையில் ‘பெரிய அம்மாள்’. துணைமனைவி பணியாரம் விற்கும் சென் என்பவரின் மகள். கதையில் ‘இரண்டாம் அக்காள்’. மாமனார் தொழில் தொடங்கக் கொடுத்த பதினைந்து சரம் காசை, சரம் ஒன்றுக்குப் பெயரளவில் ஆயிரம் காசு என்ற கணக்கில், தோளில் சுமந்துகொண்டு குடிபோதையில் வீடு திரும்பிய லியு குய், கதவைத் தாமதமாகத் திறந்த இரண்டாம் அக்காளிடம், உன்னை ஒரு வியாபாரியிடம் அடகு வைத்துவிட்டேன், இது அந்தப் பணம் என்று விளையாட்டாகச் சொல்கிறார். அவள் அதை நம்பி, பெற்றோரிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று இரவே வெளியேறி, அண்டை வீட்டில் தங்கி, விடிந்ததும் நடக்கத் தொடங்குகிறாள். அந்த இரவில் நுழைந்த திருடன் லியு குய்யை வெட்டிவிட்டுக் காசை எடுத்துப் போகிறான். வழியில் அவளோடு நடந்துவரும் சுய் நிங் என்ற பட்டு விற்கும் இளைஞனின் பையில் சரியாகப் பதினைந்து சரம் காசு இருக்கிறது. துரத்திவந்த அண்டை வீட்டாருக்கு வேறென்ன வேண்டும்?

இப்போது தீர்ப்பைப் பாருங்கள். கதை முழுக்க ‘இரண்டாம் அக்காள்’ என்று வந்தவள் அங்கே ‘சென் ஷி’. திருமணத்துக்குப் பிறகும் சீனப் பெண்ணின் பிறந்தகக் குடும்பப்பெயர் மாறுவதில்லை. அதன் பின்னால் ‘ஷி’ சேர்த்தால் ஆவணப் பெயர் ஆகிவிடும். பெண்களின் சொந்தப் பெயர் ஆவணங்களில் வருவது குறைவு. கள்ளக்காதலனோடு சேர்ந்து கணவனைக் கொன்றவள் என்று சென் ஷிக்கு உடலை அணுஅணுவாக வெட்டிக் கொல்லும் தண்டனை. சுய் நிங்குக்குத் தலைவெட்டு. ஒரே குற்றத்துக்கு இருவருக்கும் தண்டனை ஏன் வேறுபடுகிறது என்று திகைக்க வேண்டாம். கணவன், மனைவி, தந்தை, மகன், எசமான், வேலையாள் என்று கொன்றவருக்கும் கொல்லப்பட்டவருக்கும் உள்ள முறை என்ன என்பதைப் பொறுத்துத்தான் சட்டம் தண்டனையின் கடுமையைத் தீர்மானித்தது. உங்கள் தாளில் உறவுக்கட்டம் காலியாக இருந்தால் தீர்ப்பே புரியாது.

இதே கதையில் கொலையாளிக்குக் கடைசிவரை ஒழுங்கான பெயர் கிடையாது. ‘ஜிங்ஷான் மகாராஜா’ என்று தானே வைத்துக்கொண்ட பட்டம் மட்டும்தான். ஓராண்டு கழித்து, தந்தை வீட்டுக்குப் போகும் வழியில் வாங் அம்மாள் அவனிடம் சிக்கி, வேலைக்காரக் கிழவர் வெட்டுண்டு சாக, உயிர்பிழைக்க அவனுக்கே மனைவியாகிறாள். பின்னொரு நாள் பழைய பாவங்களை அவன் வாயாலேயே சொல்லக் கேட்டபோதுதான், தன் கணவனைக் கொன்றவன் இவன் என்று அவளுக்குத் தெரிகிறது. உடனே போய் அரசு மன்றத்தில் முறையிடுகிறாள். சாட்சிக் கட்டத்தில் அவனுக்கு நேராக ‘தானே’ என்று எழுதிக்கொள்ளலாம்.

4. நீதிபதியின் பெயரை வழக்கிலிருந்து பிரித்து வையுங்கள்

பாவோ ஜெங் (999–1062) உண்மையான மனிதர். ஹெஃபெய்யில் பிறந்தவர், வடக்குச் சோங் அரசின் அதிகாரி, தலைநகர் காய்ஃபெங்கின் ஆளுநராகச் சிறிது காலம் இருந்தவர். கதைகளில் அவர் பாவோ குங், பாவோ லோங்து, பாவோ தாய்ஜி, ‘தெளிந்த வானமான பாவோ’ என்று பலவாறு அழைக்கப்படுகிறார். இவற்றில் சில அவர் வகித்த பட்டங்கள், சில மக்கள் கொடுத்தவை; புதிதாக ஓர் அதிகாரி வந்துவிட்டார் என்று எண்ணித் தாளில் புது வரி போடாதீர்கள்.

இதைவிடப் பெரிய பொறி வேறு. பாவோவின் பெயரில் வரும் வழக்குகளை எல்லாம் ‘பாவோவின் வழக்குகள்’ என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1594இல் அச்சான ‘நூறு வழக்குகள்’ தொகுப்பிலிருந்து ‘லோங்து வழக்குகள்’ ஏராளமாக எடுத்துக்கொண்டது. அதோடு, ஃபூஜியானின் ஜியான்யாங்கைச் சேர்ந்த அச்சகக்காரரான யூ சியாங்தோவ் 1598 வாக்கில் வெளியிட்ட தொகுப்பில் மிங் காலத்து அதிகாரிகள் விசாரித்ததாக வந்த வழக்குகள் பலவற்றையும் எடுத்து, நீதிபதியின் பெயரை மட்டும் பாவோ என்று மாற்றிவிட்டது. அதனால்தான் 11ஆம் நூற்றாண்டுக் கதையில் மிங் காலத்துப் பதவிப்பெயர்களும் தேர்வுமுறைகளும் தலைகாட்டுகின்றன. காலக்குழப்பம் என்று பதற வேண்டாம். வழக்கு ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. ஹாய் ரூய் (1514–1587), ஷி ஷிலுன் (1659–1722) ஆகியோர் பெயரில் வந்த தொகுப்புகளையும் இதே சந்தேகத்தோடு அணுகுங்கள். வாசகருக்கு வேண்டியிருந்தது ஊழலுக்குப் பிடிகொடுக்காத ஒரு முகம். அச்சகக்காரருக்கு வேண்டியிருந்தது விற்கும் பெயர். என் கருத்தில், இந்த இலக்கியத்தின் மிகப் பெரிய ஆள்மாறாட்டம் கதைகளுக்குள் நடப்பதன்று, நூலின் முகப்பிலேயே நடப்பது.

5. மனு, எதிர்மனு, தீர்ப்பு: ஆவணங்களைப் படிக்கும் முறை

யூ சியாங்தோவின் தொகுப்பு போன்றவற்றில் கதைக்கு நடுவே வழக்கு ஆவணங்கள் அப்படியே வைக்கப்பட்டிருக்கும். புதிதாகப் படிப்பவர் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார், அது வீண்நட்டம். முதலில் தீர்ப்பைப் படித்துவிடுங்கள். பெயர், உறவு, குற்றம், தண்டனை ஆகிய நான்கும் முழுவடிவில் அங்கேதான் இருக்கும். பிறகு மனுவுக்கும் எதிர்மனுவுக்கும் திரும்புங்கள்.

மனுவில் எதிராளியைப் பற்றிச் சொல்லப்படும் அடைமொழிகளை அவருடைய குணமாகக் கொள்ளாதீர்கள். ‘ஊரை மிரட்டும் பணக்காரன்’, ‘போக்கிரி’ என்பவை மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் ஆயத்தச் சொற்கள். எழுதத் தெரியாதவர்களுக்காகக் காசு வாங்கிக்கொண்டு மனு எழுதித் தரும் ஆட்கள் இருந்தார்கள். அரசுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. எதிர்மனுவில் அதே போக்கிரி ‘சட்டத்துக்கு அடங்கிய ஏழைக் குடி’ ஆகிவிடுவார். இரண்டு வர்ணனைகளையும் தாளில் பக்கம் பக்கமாக எழுதிவைத்து, தீர்ப்பு எதை ஏற்றுக்கொண்டது என்று பாருங்கள்.

வாக்குமூலத்தையும் இதே போலத்தான் எடைபோட வேண்டும். குற்றவாளி தன் வாயால் ஒப்புக்கொள்வதைத் தீர்ப்பின் அடிப்படையாகச் சட்டம் எதிர்பார்த்தது. ஒப்புக்கொள்ள வைப்பதற்கு அடியும் கிடுக்கியும் அனுமதிக்கப்பட்டிருந்தன. சுய் நிங்கும் இரண்டாம் அக்காளும் அடிதாங்காமல்தான் ஒப்புக்கொண்டார்கள். ‘ஒப்புக்கொண்டான்’ என்ற சொல்லைக் கண்டதும், எந்தப் பக்கத்தில், எத்தனை அடிக்குப் பிறகு என்று குறித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ஆண்டுகளை மாற்றும்போதும் கவனம் வேண்டும். ஆவணங்கள் அரசரின் ஆட்சிப்பெயரைச் சொல்லும். மிங் காலத்து வான்லி ஆட்சியின் முதலாண்டு 1573 என்பதால் 22ஆம் ஆண்டு 1594 ஆகும். 22ஐ 1573உடன் அப்படியே கூட்டினால் ஓராண்டு தள்ளிப்போய்விடும்.

6. வேறொருவராக வருபவர்: பொன் கொண்டை ஊசிகள்

ஃபெங் மெங்லோங்கின் முதல் தொகுதியில் இரண்டாவதாக வரும் இந்தக் கதையை நிதானமாகப் படியுங்கள். ஆள்மாறாட்டம் எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பாடம் இந்த இலக்கியத்தில் இல்லை என்பேன்.

ஜியாங்சியின் கான்ஜோவ் வட்டாரத்தில், லூ குடும்பத்து மகனுக்கும் கூ குடும்பத்து மகள் ஆஷியுவுக்கும் சிறுவயதிலேயே மணம் பேசி முடித்திருக்கிறார்கள். லூ குடும்பம் நொடித்துவிட, பெண்ணின் தந்தை பின்வாங்கப் பார்க்கிறார். தாய் மெங் அம்மாள், கணவர் இல்லாத நேரத்தில் மாப்பிள்ளையை இரகசியமாக வரவழைத்துப் பணம் கொடுத்துத் திருமணத்தை நடத்திவிடலாம் என்று தோட்டக்காரக் கிழவரைத் தூது அனுப்புகிறார். மாப்பிள்ளைக்கு உடுத்திப் போக நல்ல உடை இல்லை. அத்தை வீட்டில் இரவல் கேட்கிறான். அத்தை மகன் லியாங் ஷாங்பின், உடையைத் தராமல் இழுத்தடித்துவிட்டு, அன்றிரவே தான் உடுத்திக்கொண்டு மாப்பிள்ளையாகப் போய் நிற்கிறான்.

இந்த இடத்தில் நிறுத்தி, அந்த வீட்டில் யாருக்கு மாப்பிள்ளையின் முகம் தெரியும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். தோட்டக்காரர் அவனைப் பார்த்துப் பழகியவரில்லை. மெங் அம்மாளுக்கும் வளர்ந்த மாப்பிள்ளையைத் தெரியாது. பெண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. வந்தவனின் நடையும் பேச்சும் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு உரியவையாக இல்லை என்பது மெங் அம்மாளின் கண்ணில் படத்தான் செய்கிறது. வறுமையில் கூச்சம் வந்துவிட்டது போலும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். உடையும் அழைப்பும் சரியாக இருந்தபோது, கண்ணில் பட்ட ஐயத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடுகிறது. லியாங் வெள்ளியையும் நகைகளையும் பெற்றுக்கொள்கிறான், பெண்ணையும் கெடுக்கிறான். சில நாள் கழித்து உண்மையான மாப்பிள்ளை வந்து நிற்க, ஏமாற்றப்பட்டதை உணர்ந்த ஆஷியு, திரைக்குப் பின்னாலிருந்து பேசி, பொன் கொண்டை ஊசிகளை அவனுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுத் தூக்கிட்டுக்கொள்கிறாள். பழி முழுவதும் உண்மையானவன் தலையில் விழுகிறது. உள்ளூர் நீதிபதி அவனுக்கே மரணதண்டனை எழுதிவிடுகிறார்.

வழக்கை மறுபடி திறப்பவர் மாகாணச் சுற்றுப்பயணத்தில் வரும் தணிக்கை அதிகாரி சென் லியான். அவர் பிடித்துக்கொள்வது ஒரே ஒரு நூலிழை: அழைத்தவுடன் போகாமல் ஏன் தாமதித்தாய்? உடை இரவல் கேட்டுக் காத்திருந்தேன் என்று பதில் வருகிறது. யாரிடம் என்ற அடுத்த கேள்வியிலேயே லியாங் மாட்டிக்கொண்டான் எனலாம். வாசகரும் இப்படித்தான் படிக்க வேண்டும். பொய்யாக வருபவர் உண்மையானவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார், உடையா, கடிதமா, செய்தியா, அது கைமாறிய நேரம் எது என்று பாருங்கள். பெரும்பாலான ஆள்மாறாட்டக் கதைகள் அந்தக் கைமாற்றத்தில்தான் அவிழ்கின்றன.

7. நீதிபதியும் வேடமிடுவார்

லியாங்கைப் பிடிக்கச் சென் லியான் செய்வதும் ஆள்மாறாட்டமே. உடம்பு சரியில்லை என்று வாசற்கதவை அடைத்துவிட்டு, துணி வியாபாரியாக வேடமிட்டு லியாங்கின் ஊருக்குப் போய், அவசரமாக ஊர் திரும்ப வேண்டும் என்று சொல்லி மலிவு விலைக்குச் சரக்கைத் தள்ளிவிடுகிறார். ஆசைப்பட்ட லியாங் திருடிய வெள்ளியையும் நகைகளையும் கொடுத்துத் துணியை வாங்க, அந்த நகைகள் கூ குடும்பத்துடையவை என்று அடையாளம் தெரிகிறது. நீதிபதிகள் குறிசொல்பவராகவும் நாட்டு மருத்துவராகவும் அலைவதை இந்தக் கதைகளில் அடிக்கடி பார்ப்பீர்கள். சொந்த மாகாணத்தில் பதவி வகிக்கக் கூடாது என்ற விதி இருந்ததால், அதிகாரி எப்போதும் வெளியூர்க்காரர். அலுவலக எழுத்தர்களும் சேவகர்களும் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் சொல்வதைத் தவிர வேறெதுவும் அவர் காதுக்கு எட்டாது என்ற நிலையில், வேடமிட்டுத் தெருவில் இறங்குவதற்குக் கதையில் நல்ல காரணம் இருக்கிறது.

அதிகாரி வேடமிடும் இடங்களில் பெயர் மாறும். புதிய பெயரைத் தனி வரியாக எழுதாமல், அவருடைய வரியிலேயே அம்புக்குறி போட்டு எழுதுங்கள்.

அதிகாரியின் நடிப்பு எல்லாமே நேர்மைக்காக என்றும் நம்பிவிடாதீர்கள். முதல் தொகுதியின் 10ஆம் கதையில், இறந்துபோன நீ என்ற முன்னாள் ஆளுநரின் படச்சுருளுக்குள் மறைந்திருந்த உயிலைத் தற்செயலாகக் கண்டுபிடித்த தெங் என்ற நீதிபதி, நீயின் ஆவியோடு நேருக்கு நேர் பேசுவதுபோல் மண்டபத்தில் நடித்துக்காட்டுகிறார். ஆவியின் முக அமைப்பை ஊரார் முன் வர்ணிக்கிறார். செத்தவரேதான் என்று ஊர் வியக்கிறது. படத்தைப் பார்த்து வைத்துக்கொண்ட வர்ணனை அது. நல்ல தீர்ப்புச் சொல்பவருக்கு 300 வெள்ளி கொடுக்கும்படி உயில் சொல்ல, தெங்கோ ‘ஆவி எனக்குத் தந்தது’ என்று ஒரு சாடி நிறையப் பொன்னை எடுத்துப் போகிறார். ஏழை மகனுக்கு உரிய பங்கு கிடைத்துவிட்டதால் யாரும் முறையிடவில்லை. இந்தத் தெங்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதை உங்கள் விருப்பத்துக்கே விடுகிறேன்.

8. பிணம் யாருடையது

தீ நீதிபதியின் நூலில் முதல் வழக்கு இதற்கு உதவும். விடியுமுன் விடுதியை விட்டுக் கிளம்பிய இரண்டு பட்டு வியாபாரிகள் வெட்டுண்டு கிடக்கிறார்கள் என்று புகார் வருகிறது. இரண்டு விருந்தினர், இரண்டு பிணங்கள். கணக்குச் சரியாக இருப்பதால் பதற்றத்தில் விடுதிக்காரர் இரண்டாவது உடலை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. விசாரணையில் பார்க்கச் சொன்னபோதுதான், அது தம் விருந்தினர் அல்லர் என்கிறார். வழிப்போக்கர் ஒருவர் கொல்லப்பட்டிருக்கிறார். காணாமல்போன வியாபாரியே கொலையாளி. எண்ணிக்கை பொருந்துவதாலேயே அடையாளம் பொருந்திவிட்டதாகக் கொள்ளும் அவசரத்தை வாசகரும் செய்வார் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதே நூலின் இன்னொரு வழக்கில் பெயர்ப்பொறி உள்ளது. இறந்தவர் பி குடும்பத்தவர்; அவருடைய மனைவியை மொழிபெயர்ப்பு ‘திருமதி ஜோவ்’ என்று அழைக்கிறது. ஜோவ் அவளுடைய பிறந்தகப் பெயர். ஜோவ் என்ற கணவரைத் தேடிப் பக்கங்களைப் புரட்ட வேண்டாம்.

9. எலிகள் மனிதர்களாவது

சில தொகுப்புகளில் விலங்கு ஆவிகள் மனித உருவில் வந்து நிற்கும். ஐந்து எலிகளின் கதையில், ஓர் எலி ஒரு கணவனின் உருவெடுத்து வீட்டுக்குள் நுழைய, வழக்கு மேலேறும்போது மற்ற எலிகள் அமைச்சர், அரசர், அரசத்தாய், கடைசியில் பாவோ நீதிபதி என்று ஒவ்வொருவராக இரட்டையாக்கிவிடுகின்றன. விண்ணுலகப் பூனை வந்துதான் முடித்துவைக்கிறது. இக்கதையைப் படித்துவிட்டு 1879ஆம் ஆண்டு நாவலுக்குப் போனால், அதே ஐந்து எலிகள் பாய் யூதாங் முதலிய ஐந்து மனித வீரர்களின் பட்டப்பெயர்களாகவும், பூனை ஜான் ஜாவ் என்ற வீரனுக்கு அரசர் அளித்த பட்டமாகவும் மாறியிருப்பதைக் காண்பீர்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் பெயர், பட்டப்பெயர், வரிசை எண் என்று மூன்று கட்டங்கள் தேவைப்படும்.

10. எவ்வளவு நேரம் ஒதுக்குவது

ஃபெங் மெங்லோங்கின் கதை ஒன்றுக்கு ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். தாளோடு ஒருமுறை, மறுநாள் தாள் இல்லாமல் ஒருமுறை என்று படித்தால், இரண்டாம் முறை பாதி நேரமே ஆகும். பொன் கொண்டை ஊசிகள், பதினைந்து சரம் காசு, நீயின் படச்சுருள் என்ற மூன்றையும் இந்த வரிசையில் ஒரே வாரத்தில் முடிக்கலாம். அடுத்து தீ நீதிபதியின் 30 அத்தியாயங்கள். மூன்று வழக்குகள் ஒன்றோடொன்று பின்னி வருவதால் வழக்குக்கு ஒரு தாள் வைத்து, ஒருநாளைக்கு மூன்று நான்கு அத்தியாயங்களுக்கு மேல் போகாமல் படியுங்கள். இடையில் ஒருவாரம் விட்டுவிட்டால் பெயர்கள் கலைந்துவிடும். ‘லோங்து வழக்குகள்’ சிறுசிறு கதைகள் என்பதால் இரண்டு மூன்றை ஒரே அமர்வில் முடித்துவிடலாம். ஆனால் பத்துக்கு மேல் தொடர்ந்து படித்தால் எல்லா வாங்குகளும் ஒரே வாங்காகத் தோன்றத் தொடங்கும். அந்த நிலை வந்ததும் நூலை மூடி, எழுதிவைத்த தாள்களை ஒருமுறை புரட்டிவிட்டு, மறுநாள் தொடருங்கள். 120 அத்தியாய நாவலுக்கு மூன்று மாதம் ஒதுக்க முடியுமென்றால் மட்டும் அதை வாங்குங்கள்.